புரொங்கோ நகுர்ஸ்கி

புரொங்கோ நகுர்ஸ்கி (நவம்பர் 3, 1908 – ஜனவரி 7, 1990) கனடாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த அமெரிக்கக் காற்பந்து வீரரும் தொழில்முறை மல்யுத்த வீரரும் ஆவார். மினசோட்டா பல்கலைக்கழக அணிக்காகவும், பின்னர் தேசியக் காற்பந்து லீக்கின் (என்.எஃப்.எல்.) சிகாகோ பேர்ஸ் அணிக்காகவும் ஆடினார். முன்வரிசையில் நின்று எதிரணியினரைத் தடுக்கும் டேக்கிள் என்ற இடத்திலும், பந்தைச் சுமந்து ஓடும் ஃபுல்பேக் என்ற இடத்திலும் முதல்தர வீரராக விளங்கியமையே இவரது தனிச்சிறப்பு. முன்வரிசை வீரர் ஒருவர் இடம் மாறி ஆட முடியுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவரது பெயர் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. ஆயினும் இவரால் அது எவ்வாறு இயன்றது என்பதை இவரது திறமையைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. அக்கால ஆட்ட விதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆட்டத்தில் இடங்கள்

அமெரிக்கக் காற்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். பெயர் காற்பந்தே ஆயினும் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு எனப்படும் இருவர், அவர்களுக்கு வெளியே டேக்கிள் எனப்படும் இருவர் என ஐவர் நிற்கின்றனர். இவர்களே தாக்குதல் வரிசை வீரர்கள் (லைன்மேன்கள்) ஆவர். எதிரணியினரை உடலால் தள்ளித் தடுத்து, பின்னால் பந்துடன் வருபவருக்கு வழி திறந்துவிடுவது இவர்களது பணி. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதிகள் இவர்களை அனுமதிப்பதில்லை. ஆகவே புள்ளிப்பட்டியலில் இவர்களது பெயர் இடம்பெறுவது அரிது.

ஃபுல்பேக் என்பவர் இவ்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். குறுகிய தூரத்தை வலிமையால் கடக்க வேண்டிய நேரத்தில் பந்தை இவரிடம் தருவர். மற்ற நேரங்களில் இவரும் முன்னே ஓடி எதிரணியினரைத் தடுப்பார். எனவே பின்வரிசையில் நிற்பவர்களுள் முன்வரிசை வீரரின் பணிக்கு மிக நெருங்கிய பணி இவருடையதே. நகுர்ஸ்கியின் வாழ்வில் இந்த நெருக்கம் முக்கியமானது.

பிறப்பும் இளமையும்

நகுர்ஸ்கி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள ரெயினி ரிவர் என்னும் ஊரில் உக்ரேனிய வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தார். இயற்பெயர் புரொனிஸ்லாவ். இப்பெயரைச் சரியாக ஒலிக்க இயலாத பள்ளி ஆசிரியர் ஒருவர் அதைப் புரொங்கோ எனச் சுருக்கினார் என்பர். இவரது சிறு வயதிலேயே குடும்பம் எல்லையைக் கடந்து மினசோட்டா மாநிலத்தின் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு இவரது தந்தை மளிகைக் கடை நடத்தினார். கடும் குளிருக்கும் மரத் தொழிலுக்கும் பெயர்பெற்ற அந்த எல்லை நகரில் உடலுழைப்புடன் இவர் வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் பெமிஜி நகரப் பள்ளிக்கு மாறினார். பள்ளி மாறிய காரணத்தால் அவ்வாண்டு போட்டிகளில் ஆட இவருக்குத் தகுதியில்லை எனத் தீர்ப்பாயிற்று. இதனால் பல்கலைக்கழகத்தில் சேரும்வரை இவர் அதிகம் அறியப்படாதவராகவே இருந்தார்.

இவர் பல்கலைக்கழக அணிக்குக் கண்டெடுக்கப்பட்டது பற்றி ஒரு கதை உலவுகிறது. பயிற்றுநர் கிளாரன்ஸ் ஸ்பியர்ஸ் காரில் செல்கையில், குதிரை இல்லாமல் தாமே ஏர் உழுதுகொண்டிருந்த இளைஞரிடம் வழி கேட்டாராம். அவ்விளைஞர் கலப்பையையே தூக்கித் திசையைச் சுட்டிக் காட்டினாராம். இது கட்டுக்கதையே. எனினும் நகுர்ஸ்கியைப் பற்றி எழுதுவோர் எவரும் இதைக் கூறாமல் விடுவதில்லை.

கல்லூரி ஆட்டம் (1927–1929)

மினசோட்டா அணியில் 1927 இல் நகுர்ஸ்கி முதலில் ஆடியது முன்வரிசையில்தான். அப்போது அவ்வணியின் ஃபுல்பேக்காக இருந்தவர் ஹெர்ப் ஜோஸ்டிங். அவர் ஏற்கெனவே நாடளாவிய சிறந்த அணிக்குத் தெரிவு செய்யப்பட்டவர். அவர் இருக்கும்வரை அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்தும் தேவை பயிற்றுநருக்கு இல்லை. ஜோஸ்டிங் படிப்பை முடித்து வெளியேறிய பின்னர் 1928 இல் நகுர்ஸ்கி ஃபுல்பேக் இடத்துக்கு நகர்த்தப்பட்டார். ஆக, இவரது முதல் இடமாற்றம் அணியில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பவே நிகழ்ந்தது. அதன் பின்னரும் இவர் டேக்கிள் இடத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை; தேவைக்கேற்ப இரு இடங்களிலும் ஆடினார்.

1928 ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் மினசோட்டா அணி அதுவரை தோல்வியறியாத விஸ்கான்சின் அணியை எதிர்கொண்டது. அப்பருவத்தில் முதுகெலும்பில் காயம் பட்டிருந்த நகுர்ஸ்கி, உடலைச் சுற்றிக் காப்புப் பட்டை அணிந்துகொண்டு களமிறங்கினார். எதிரணி நழுவவிட்ட பந்தைக் கைப்பற்றியதும் இவரே. அதைத் தொடர்ந்து மீண்டும் மீண்டும் சுமந்து சென்று டச்டவுன் எடுத்ததும் இவரே. மினசோட்டா 6-0 என வென்றது. பந்தைக் கைப்பற்றியது தடுப்பாட்ட வீரரின் வேலை. கோட்டைக் கடந்தது ஃபுல்பேக்கின் வேலை. இரண்டும் ஒரே மனிதரால், அதுவும் முதுகெலும்புக் காயத்துடன் செய்யப்பட்டன. இன்றைய மருத்துவ நெறிகளின்படி அவர் களத்துக்குள் அனுமதிக்கப்பட்டிருக்கவே மாட்டார்.

1929 இல் நாட்டின் சிறந்த வீரர்களைத் தெரிவு செய்தோர் இவரை எந்த இடத்தில் வைப்பதென உடன்படவில்லை. சிலர் டேக்கிளாகவும் வேறு சிலர் ஃபுல்பேக்காகவும் இவரைத் தெரிவு செய்தனர். ஒரே ஆண்டில் இவ்விரு இடங்களுக்கும் ஒருவரே தகுதியானவராகக் கருதப்பட்டது அதற்கு முன் காணப்படாதது.

சிகாகோ பேர்ஸ் அணியில் (1930–1937)

1930 இல் ஜார்ஜ் ஹாலாஸ் உரிமையாளராக இருந்த சிகாகோ பேர்ஸ் அணியில் நகுர்ஸ்கி சேர்ந்தார். முதல் ஆண்டுச் சம்பளம் 5,000 டாலர். இவரது உயரம் சுமார் 188 செ.மீ., எடை சுமார் 103 கிலோ. அக்கால முன்வரிசை வீரர்கள் பலர் இவரைவிட எடை குறைந்தவர்கள். பந்துடன் ஓடி வருபவர், தம்மைத் தடுக்க நிற்பவரைவிடப் பெரியவராக இருந்தால் என்ன நிகழும் என்பதை லீக்கிலிருந்த மற்ற அணிகள் விரைவில் அறிந்துகொண்டன.

தொழில்முறை ஆட்டத்தில் இவர் முதன்மையாக ஃபுல்பேக்காகவே ஆடினார். ஆயினும் முன்வரிசையில் கற்றவை வீண்போகவில்லை. தாழ்ந்து குனிந்து, தோளை முன்னிறுத்தி, சிறு அடிகளாகக் காலை உந்தி, எதிராளியின் இடுப்புக்குக் கீழே மோதும் முறை டேக்கிளுக்குரியது. நகுர்ஸ்கி பந்துடன் ஓடும்போதும் அவ்வாறே ஓடினார். எதிராளியை ஏய்த்து விலகிச் செல்லும் ஓட்டம் இவருடையதன்று. இவரை மடக்க இரண்டு மூன்று பேர் தேவைப்பட்டதால், இவர் பந்துடன் வருவதுபோல் பாவனை செய்தாலே எதிரணியினர் முன்னேறிக் குவிந்தனர். இதை ஓர் உத்தியாக இவர் பயன்படுத்தினார்: வரிசையை நோக்கிப் பாய்வதுபோல் ஓரிரு அடி எடுத்து வைத்து, சட்டென்று நின்று, குதித்துப் பந்தைத் தம் கூட்டாளிக்கு எறிவார்.

இந்த உத்தி ஆட்ட விதியையே மாற்றியது. 1932 ஆம் ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்க பேர்ஸ் அணியும் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் அணியும் டிசம்பர் 18 அன்று மோதின. கடும் குளிரும் பனியும் காரணமாக ஆட்டம் சிகாகோ ஸ்டேடியம் என்னும் உள்ளரங்கில் நடத்தப்பட்டது. அரங்கம் சிறியதாகையால் களத்தின் நீளம் 80 யார்டாகக் குறைக்கப்பட்டது. நான்காம் கால்பகுதியில், கோல் கோட்டுக்கு 2 யார்டு தொலைவில், நகுர்ஸ்கி பாய்வதுபோல் வந்து பின்வாங்கி ரெட் கிரேஞ்சுக்குப் பந்தை எறிந்தார். அது டச்டவுன் ஆயிற்று. பேர்ஸ் 9-0 என வென்றது. பந்தை எறிபவர் ஆட்டக் கோட்டுக்கு 5 யார்டு பின்னால் நின்றே எறிய வேண்டும் என்பது அன்றைய விதி. நகுர்ஸ்கி அவ்வளவு பின்னால் இல்லை என்று ஸ்பார்ட்டன்ஸ் அணியினர் முறையிட்டும் முடிவு மாறவில்லை. ஆனால் 1933 இல் லீக் விதியைத் திருத்தி, ஆட்டக் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் பந்தை எறியலாம் என அறிவித்தது. இன்றைய எறிதல் ஆட்டத்துக்கு வழிவகுத்தவற்றுள் இத்திருத்தமும் ஒன்று. அதற்குக் காரணமானவர் எறிதலுக்குச் சற்றும் பெயர் பெறாத, முன்வரிசையில் தொடங்கிய ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1933 டிசம்பர் 17 அன்று பேர்ஸ் அணி நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை 23-21 என வென்றது. கிழக்கு, மேற்குப் பிரிவுகளின் முதலிட அணிகள் மோதிய முதல் சாம்பியன் ஆட்டம் அதுவே. அதில் இரண்டு டச்டவுன்கள் நகுர்ஸ்கி எறிந்த பந்துகளிலிருந்து தொடங்கின.

1934 இல் பேர்ஸ் அணியின் புதிய வீரர் பியட்டி ஃபெதர்ஸ் ஒரே பருவத்தில் 1,004 யார்டு ஓடினார். ஒரு பருவத்தில் ஆயிரம் யார்டைக் கடந்த முதல் என்.எஃப்.எல். வீரர் அவரே. அவருக்கு முன்னே ஓடி வழி திறந்தவர் நகுர்ஸ்கி. அவ்வாண்டு லீக்கின் மிகப் பெயர்பெற்ற ஃபுல்பேக் பெரும்பாலும் செய்தது ஒரு டேக்கிளின் வேலையே எனலாம். நகுர்ஸ்கி ஒரு பருவத்திலும் ஆயிரம் யார்டைத் தொட்டதில்லை. லீக் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கத் தொடங்கியது 1932 இல் தான் என்பதால், இவரது முதல் இரண்டு பருவங்கள் அவற்றில் இடம்பெறவும் இல்லை. புள்ளிவிவரங்களை மட்டும் பார்ப்போருக்கு இவரது புகழ் விளங்காமல் போவது இதனாலேயே.

ஊதியமும் மல்யுத்தமும்

பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அக்காலத்தில் காற்பந்து வருமானம் நிலையானதன்று. நகுர்ஸ்கியின் சம்பளம் உயர்வதற்கு மாறாக, தொடக்க ஆண்டுகளிலேயே குறைக்கப்பட்டது. 1933 முதல் இவர் தொழில்முறை மல்யுத்தத்திலும் ஈடுபட்டார். சில ஆண்டுகளில் காற்பந்துப் பருவத்தின் நடுவிலேயே ஊர் ஊராகப் பயணம் செய்து மல்யுத்தமும் ஆடினார். 1937 பருவத்துக்குப் பின் ஊதிய உயர்வு கேட்டு ஹாலாஸ் அதற்கு இணங்காததால் காற்பந்திலிருந்து விலகினார். அப்போது இவருக்கு வயது 29.

மல்யுத்தத்தில் 1939 இல் லூ தெஸ்ஸை வென்று தேசிய மல்யுத்தச் சங்கத்தின் உலக வாகையர் பட்டத்தைப் பெற்றார். 1941 இல் ரே ஸ்டீலை வென்று அதை மீண்டும் பெற்றார். தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவுகள் முன்கூட்டியே திட்டமிடப்படுபவை என்பதால் இப்பட்டங்களைக் காற்பந்துச் சாதனைகளுடன் ஒப்பிடுவது பொருத்தமன்று. எனினும் குடும்பத்தைக் காத்தது பெரிதும் அந்த வருமானமே.

1943: மீண்டும் முன்வரிசைக்கு

இரண்டாம் உலகப் போரின் போது லீக்கின் வீரர்கள் பலர் படையில் சேர்ந்தனர். ஹாலாஸ் கடற்படைக்குச் சென்றார். 1943 இல் கிளீவ்லாந்து ராம்ஸ் அணி ஆட்டத்தை நிறுத்தி வைத்தது; பிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் அணிகள் ஆள் பற்றாக்குறையால் ஒன்றாக இணைந்து ஆடின. பழைய காயங்கள் காரணமாகப் படைச் சேவைக்குத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட நகுர்ஸ்கியை பேர்ஸ் அணி மீண்டும் அழைத்தது. ஐந்து பருவங்களாக ஆடாதிருந்த இவர், டேக்கிளாக மட்டுமே ஆடுவதென்ற உடன்பாட்டுடன் திரும்பினார் என்பர்.

இந்தத் தெரிவில் ஆழ்ந்த விவேகம் இருந்தது. வயது ஏறும்போது ஓர் ஆட்டக்காரர் முதலில் இழப்பது ஓட்ட வேகத்தையும், முழு வேகத்தில் பலமுறை விழுந்து எழும் வல்லமையையும். கைகளின் பலமும், எதிராளியின் எடையை எங்கே தாங்குவது என்ற அனுபவமும் நெடுங்காலம் நிலைக்கின்றன. டேக்கிள் நகரும் தூரம் சில அடிகளே. முழங்கால்கள் பழுதுபட்டிருந்த 34 வயதுக்காரருக்கு அதுவே ஏற்ற இடம். பருவத்தின் நடுவில் இவருக்கு 35 வயது நிறைந்தது.

பருவத்தின் இறுதி லீக் ஆட்டம் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்கு எதிரானது. கார்டினல்ஸ் அவ்வாண்டு ஓர் ஆட்டத்திலும் வென்றிராத அணி. மேற்குப் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்ய பேர்ஸ் அணி வென்றாக வேண்டும். ஆனால் எதிர்பாராத வகையில் பேர்ஸ் பின்தங்கியது. அந்நிலையில் நகுர்ஸ்கி டேக்கிள் இடத்திலிருந்து ஃபுல்பேக் இடத்துக்கு மாற்றப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் விட்ட இடம் அது. கார்டினல்ஸ் வரிசையை இவர் மீண்டும் மீண்டும் துளைத்துச் சென்றார். பேர்ஸ் அணி 35-24 என வென்றது. டிசம்பர் 26 அன்று வாஷிங்டன் அணிக்கு எதிரான சாம்பியன் ஆட்டத்தில் பேர்ஸ் 41-21 என வென்றபோது, 3 யார்டு ஓடி ஒரு டச்டவுனும் எடுத்தார். அதன்பின் என்.எஃப்.எல். ஆட்டத்தில் இவர் இறங்கவில்லை.

இச்சாதனையை மதிப்பிடும்போது ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். போரினால் லீக்கின் தரம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. எதிரில் நின்றது லீக்கின் மிக நலிந்த அணி. முழு பலத்துடன் இருந்த ஓர் அணிக்கெதிராக 35 வயதில் இது இயன்றிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. இவர் ஃபுல்பேக்காக ஆடியதும் பருவம் முழுவதும் அன்று. ஓர் ஆட்டத்தின் இறுதிப் பகுதிக்கும் அடுத்த ஆட்டத்தில் சில தருணங்களுக்கும் இடம் மாறுவது வேறு. ஆண்டு முழுவதும் அந்த இடத்தில் ஆடுவது வேறு.

இடமாற்றமும் விதிகளும்

நகுர்ஸ்கி ஆடிய ஆண்டுகளில் வீரர்களை விருப்பம்போல் மாற்ற விதிகள் இடம் தரவில்லை. தாக்குதலில் ஆடிய அதே 11 பேரே தடுப்பிலும் ஆடினர். ஃபுல்பேக் ஒருவர் பந்து எதிரணியிடம் சென்றதும் முன்வரிசைக்கு அருகில் நின்று மடக்கிப் பிடிக்க வேண்டும். எனவே ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவகையில் இடம் மாறிக்கொண்டே இருந்தனர். 1943 இல் போர்க்காலச் சலுகையாகத் தடையற்ற ஆள் மாற்றம் அனுமதிக்கப்பட்டது; 1950 இல் அது நிரந்தரமாயிற்று. அதன் பின் ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்றே பழக்கப்பட்ட வீரர்கள் உருவாயினர். தாக்குதல் வரிசை வீரர்களின் எடை இப்போது பெரும்பாலும் 136 கிலோவுக்கு மேல் உள்ளது. அத்தகைய உடலுடன் ஃபுல்பேக்காக ஒரு பருவம் முழுவதும் ஓடுவது நடைமுறையில் இயலாதது.

ஆயினும் இடமாற்றம் மறைந்துவிடவில்லை; அதன் எல்லை சுருங்கியது. இப்போது அது பெரும்பாலும் வரிசைக்கு உள்ளேயே நிகழ்கிறது. வெளிப்புறம் நிற்கும் டேக்கிளுக்கு நீண்ட கைகளும் பக்கவாட்டில் விரைந்து பின்வாங்கும் கால்களும் தேவை. அவை சற்றுக் குறைந்தவர் உட்புறம் கார்டாக மாறிச் சிறப்பதுண்டு. எதிர்த்திசையில், அதாவது உள்ளிருந்து வெளியே நகர்வது கடினம். வலப்புறத்திலிருந்து இடப்புறம் மாறுவதுகூட எளிதன்று. எந்தக் காலை முதலில் பின்வைப்பது என்பதுமுதல் அனைத்தையும் தலைகீழாகப் பழக வேண்டும். 1983 முதல் 2001 வரை ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியிலும் அதன் தொடர்ச்சியான டென்னசி அணியிலும் ஆடிய புரூஸ் மேத்யூஸ் தாக்குதல் வரிசையின் ஐந்து இடங்களிலும் ஆடியவர். அத்தகையோர் மிகச் சிலரே.

நகுர்ஸ்கியின் பழைய அணியே 1985 இல் இதற்கு ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டைத் தந்தது. தடுப்பு வரிசையில் ஆடிய, 136 கிலோவுக்கு மேல் எடையுள்ள வில்லியம் பெர்ரியைக் கோல் கோட்டருகே மட்டும் ஃபுல்பேக்காக நிறுத்தினர். 1986 ஜனவரியில் நடைபெற்ற 20 ஆவது சூப்பர் பௌல் ஆட்டத்திலும் அவர் டச்டவுன் எடுத்தார். ஓரிரு யார்டுக்கு அது போதுமானது. களத்தின் நடுவில் பயன்படாது. பெர்ரிக்கு அது ஓர் உத்தி. நகுர்ஸ்கிக்கோ அதுவே தொழில்.

பிற்கால வாழ்வு

1944 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அணியில் பின்வரிசைப் பயிற்றுநராகச் சிறிது காலம் பணியாற்றினார். மல்யுத்தத்தை 1950களின் பிற்பகுதி வரை தொடர்ந்தார். பின்னர் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரில் பெட்ரோல் நிலையம் ஒன்றை நடத்தினார். இவரது பெயரையே கொண்ட மகன் கனடிய லீக்கில் ஹாமில்டன் அணிக்காக ஆடினார். அவர் ஆடிய இடம் டேக்கிள்.

முதுமையில் மூட்டுவலியால் பெரிதும் துன்புற்றார். காற்பந்தும் மல்யுத்தமும் இவரது முழங்கால்களில் விட்டுச் சென்றவை அவை. பொது நிகழ்ச்சிகளைத் தவிர்த்து வந்த இவர், 1984 ஜனவரியில் டாம்பா நகரில் நடைபெற்ற 18 ஆவது சூப்பர் பௌல் ஆட்டத்தில் நாணயம் சுண்டும் சடங்கை ஏற்றார். 1990 ஜனவரி 7 அன்று தமது 81 ஆவது வயதில் இன்டர்நேஷனல் ஃபால்ஸில் காலமானார்.

சிறப்புகள்

கல்லூரிக் காற்பந்துப் புகழ் மன்றம் 1951 இலும், ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரிலுள்ள தொழில்முறைக் காற்பந்துப் புகழ் மன்றம் 1963 இலும் தமது முதல் உறுப்பினர்களைத் தெரிவு செய்தபோது இவரும் அவர்களுள் ஒருவர். பேர்ஸ் அணி இவர் அணிந்த 3 ஆம் எண்ணையும், மினசோட்டா பல்கலைக்கழகம் 72 ஆம் எண்ணையும் வேறெவருக்கும் தராமல் ஒதுக்கி வைத்துள்ளன. என்.எஃப்.எல். 1994 இல் அறிவித்த 75 ஆம் ஆண்டு நிறைவு அணியில் இவர் ஓட்ட வீரர்கள் வரிசையில் வைக்கப்பட்டார். 2003 இல் ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரில் இவருக்கென ஓர் அருங்காட்சியகமும் உள்ளது. 1993 முதல் கல்லூரிக் காற்பந்தின் சிறந்த வீரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் புரொங்கோ நகுர்ஸ்கி விருது வழங்கப்படுகிறது. அது தாக்குதல் வரிசை டேக்கிளுக்கும் உரியதன்று, ஃபுல்பேக்குக்கும் உரியதன்று. தடுப்பாட்டத்தில் சிறந்தவருக்கே வழங்கப்படுகிறது.